இந்தியாவில் அபினி வகை வலிநீக்கிகள் மீதான கட்டுப்பாடு

இந்தியாவில் அபினி வகை வலிநீக்கிகள் மீதான கட்டுப்பாடு என்பது மார்பின், கோடீன், பெண்டானில், டிரமடால் முதலிய மருந்துகளின் உற்பத்தி, இருப்பு, விற்பனை, பயன்பாடு ஆகியவற்றை அரசு சட்டத்தின் மூலம் முறைப்படுத்துவதைக் குறிக்கும். போதைப் பழக்கத்தையும் கடத்தலையும் தடுப்பதே இக்கட்டுப்பாட்டின் நோக்கம். ஆயினும் புற்றுநோய், தீக்காயம், நரம்பு நோய்கள் போன்றவற்றால் கடும் வலிக்கு ஆளானோர் மருந்தின்றித் துன்புறுவதற்கும் இதுவே காரணமாயிற்று. ஐக்கிய அமெரிக்காவில் வலி மருத்துவமனைகள் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் பரவலாகப் பேசப்படுகின்றன. இந்தியாவிலோ மூடுவதற்கு அத்தகைய மருத்துவமனைகளே பெரும்பாலும் இருக்கவில்லை. மருந்து மருத்துவமனையின் வாசலை எட்டும் முன்பே நின்றுவிட்டது.

மருந்தும் வலியும்

மார்பின் அபினிச் செடியின் காயிலிருந்து வடியும் பாலில் உள்ள ஒரு காரப்போலி. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள ஏற்பிகளில் இது பொருந்திக்கொண்டு வலிச்செய்தி கடத்தப்படுவதைத் தணிக்கிறது. பாராசிட்டமால் போன்றவற்றுக்கு அடங்காத புற்றுநோய் வலிக்கு வாய்வழி மார்பினைக் கொடுக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் 1986 ஆம் ஆண்டு வெளியிட்ட மூன்று படி வழிகாட்டுதலில் பரிந்துரைத்தது. பொதுவாக 5 அல்லது 10 மில்லிகிராம் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை எனத் தொடங்கி, வலி அடங்கும் வரை அளவைக் கூட்டுவர். மலச்சிக்கல் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும் பக்க விளைவு என்பதால் மலமிளக்கியும் சேர்த்தே தரப்படும். அளவு மிகுந்தால் மூச்சுவிடுதல் ஒடுங்கி உயிருக்கு ஆபத்து நேரலாம். ஆதலால் கட்டுப்பாடே வேண்டியதில்லை என்று வலி மருத்துவர்கள் எவரும் கூறுவதில்லை.

இங்கு இரண்டு சொற்களை வேறுபடுத்தி அறிவது தேவை. நெடுநாள் மார்பின் உட்கொண்டவரின் உடல் அதற்குப் பழகிவிடும். திடீரென நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, உடல்வலி முதலியன தோன்றும். இது உடல் சார்ந்த பழக்கம். தீங்கு நேர்வதை அறிந்தும் மருந்தைத் தேடி அலைவது அடிமைத்தனம். முன்னதைப் பின்னதாகக் கருதியதே பல சட்டங்களின் பிழை எனலாம். "மார்பின் கொடுத்துவிட்டார்கள் என்றால் இனி நாள் இல்லை" என்று மக்களிடையே நிலவும் அச்சமும் தவறானது. வலி தணிந்தபின் பல ஆண்டுகள் வாழ்ந்தோர் உண்டு.

முதுகுவலி, மூட்டுவலி போன்ற புற்றுநோய் சாராத நெடுநாள் வலிக்கு இம்மருந்துகள் முதல் தெரிவாகக் கொள்ளப்படுவதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. உடற்பயிற்சி மருத்துவமும் பிற மருந்துகளும் பயன் தராதபோதே இவை எண்ணிப் பார்க்கப்படுகின்றன.

1985 ஆம் ஆண்டுச் சட்டம்

குடியேற்றவாத ஆட்சிக் காலத்தில் 1857, 1878 ஆம் ஆண்டுகளின் அபினிச் சட்டங்களும், 1930 ஆம் ஆண்டின் அபாயகரமான மருந்துகள் சட்டமும் நடைமுறையில் இருந்தன. இவற்றுக்கு மாற்றாகப் போதை மருந்துகள் மற்றும் உளவெறியூட்டும் பொருட்கள் சட்டம் 1985 ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின் 8 ஆம் பிரிவு மருத்துவ, அறிவியல் பயன்பாட்டுக்கு விலக்கு அளிக்கிறது. ஏட்டளவில் மருத்துவருக்குத் தடை ஏதும் இல்லை. சிக்கல் தண்டனைப் பிரிவுகளில் இருந்தது. சட்டத்தை மீறுவது மட்டுமன்றி, உரிமத்தின் நிபந்தனையை மீறி மருந்தை வைத்திருப்பதும் குறைந்தது பத்து ஆண்டுக் கடுங்காவல், ஒரு இலட்சம் ரூபாய் தண்டம் ஆகியவற்றுக்கு உரிய குற்றமாயிற்று. 1989 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பிணையில் வெளிவருவதும் கடினமானது. பெருங்கடத்தல்காரரையும், இருப்புக் கணக்கு ஒத்துப்போகாத மருந்தாளுநரையும் ஒரே தராசில் நிறுத்தும் நிலை 2001 ஆம் ஆண்டுத் திருத்தம் வரை நீடித்தது. அத்திருத்தமே அளவுக்கேற்ற தண்டனையைக் கொணர்ந்தது. மார்பினைப் பொறுத்தவரை 5 கிராம் வரை சிறு அளவு, 250 கிராமுக்கு மேல் வணிக அளவு என வகுக்கப்பட்டது.

தண்டனையைக் காட்டிலும் மருத்துவமனைகளைச் சோர்வடையச் செய்தது உரிம முறையே. விதிகளை வகுக்கும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டதால் மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறுபட்டன. மருந்தை வைத்திருக்க ஓர் உரிமம், பிற மாநிலத்திலிருந்து தருவிக்க ஓர் அனுமதி, அம்மாநிலத்திலிருந்து அனுப்ப மற்றொன்று, வழியில் கொண்டுசெல்ல இன்னொன்று எனப் பல தாள்கள் வேண்டியிருந்தன. இவை ஆயத்தீர்வை, சுகாதாரம், மருந்துக் கட்டுப்பாடு என வெவ்வேறு துறைகளிடமிருந்து பெறப்பட வேண்டும். அனைத்தும் ஒரே காலத்தில் செல்லுபடியாக வேண்டும். கடைசித் தாள் கைக்கு வருமுன் முதல் தாளின் காலம் முடிந்துவிடுவது வழக்கமாயிற்று.

விளைவு கடுமையாக இருந்தது. இந்தியாவின் மருத்துவ மார்பின் பயன்பாடு 1985 ஆம் ஆண்டுக்குப் பின் 97 விழுக்காடு வீழ்ச்சியடைந்து, 1997 ஆம் ஆண்டில் நாடு முழுமைக்கும் 18 கிலோகிராம் என்ற அளவை எட்டியது. இத்தனைக்கும் மருத்துவத் தேவைக்கான அபினியை உலகிற்கு ஏற்றுமதி செய்யும் நாடு இந்தியா. மத்தியப் பிரதேசம், இராசத்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமத்துடன் அபினி பயிரிடப்பட்டு, காசிப்பூர், நீமச் ஆகிய இடங்களிலுள்ள அரசு ஆலைகளில் பதப்படுத்தப்படுகிறது. விளைந்த நாட்டிலேயே அது நோயாளிக்குக் கிட்டவில்லை.

இன்னொரு விளைவு கண்ணுக்குத் தெரியாதது. ஏறத்தாழ ஒரு தலைமுறை மருத்துவர்கள் மார்பின் மாத்திரையைக் காணாமலேயே பட்டம் பெற்று வெளிவந்தனர். பின்னாளில் விதிகள் தளர்ந்தபோதும் அதை எழுதித்தரும் துணிவும் பயிற்சியும் அவர்களிடம் இல்லை.

கேரளமும் சட்டத் திருத்தமும்

1993 ஆம் ஆண்டு கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியை ஒட்டி மரு. எம். ஆர். இராசகோபால், மரு. சுரேஷ் குமார் முதலியோர் வலி மற்றும் நோய்த்தணிப்புச் சங்கத்தைத் தொடங்கினர். அங்கு இரண்டு ஆண்டுகளில் வாய்வழி மார்பின் பெற்ற 1,723 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2001 ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியானது. மருந்தை வீட்டுக்கே கொடுத்தனுப்பியும், அது தவறான கைகளுக்குச் சென்றதாக ஒரு நிகழ்வுகூடக் காணப்படவில்லை. கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் மருந்து தெருவுக்கு வந்துவிடும் என்ற வாதத்துக்கு இவ்வாய்வு தக்க விடையாக அமைந்தது.

விசுக்கான்சின் பல்கலைக்கழகத்தின் வலிக் கொள்கை ஆய்வுக் குழுவும் இந்திய மருத்துவர்களும் வலியுறுத்தியதன் பேரில், நடுவண் அரசு 1998 ஆம் ஆண்டு எளிமையான மாதிரி விதிகளை மாநிலங்களுக்கு அனுப்பியது. பல மாநிலங்கள் அவற்றைக் கிடப்பில் போட்டன. 2007 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடரப்பட்டது. மனித உரிமைகள் கண்காணிப்பகமும் 2009 ஆம் ஆண்டு இதுபற்றி விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. இறுதியாக 2014 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றின.

இத்திருத்தம் "இன்றியமையாப் போதை மருந்துகள்" என்ற புதிய வகையை உருவாக்கியது. மார்பின், பெண்டானில், மெத்தடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஐதரோகோடோன் ஆகிய ஆறும் இதில் அடங்கும். இவற்றுக்கு 2015 முதல் நாடு முழுவதும் ஒரே விதி. பயிற்சி பெற்ற மருத்துவர் உள்ள மருத்துவமனை, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் "அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்" என்ற ஏற்பைப் பெற்றால் போதுமானது. பழைய உரிமக் கட்டுகள் தேவையில்லை.

சட்டம் மாறியது போல நடைமுறை மாறவில்லை. 2017 ஆம் ஆண்டு வெளியான லான்செட் ஆணைய அறிக்கை, தேவையுள்ள ஒரு நோயாளிக்கு இந்தியாவில் ஆண்டொன்றுக்குக் கிடைப்பது 43 மில்லிகிராம் மார்பினுக்கு ஈடான மருந்தே என்றும், இது தேவையில் 4 விழுக்காடு என்றும் கணக்கிட்டது. பத்து மில்லிகிராம் மாத்திரையை நான்கு மணிக்கு ஒன்றாக உட்கொள்ளும் ஒருவருக்கு இவ்வளவு ஒரு நாளுக்கும் போதாது. அதே கணக்கில் ஐக்கிய அமெரிக்காவில் கிடைத்தது 55,000 மில்லிகிராமுக்கும் மேல்.

டிரமடாலும் டபென்டடாலும்

மார்பின் கிடைக்காத சிற்றூர்களில் மருத்துவர்கள் நாடியது டிரமடாலை. மார்பினைவிட வலு குறைந்த இம்மருந்து 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணையில் சேர்க்கப்பட்டது. இதன்படி மருத்துவர், நோயாளி ஆகியோரின் பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றை மருந்துக்கடை தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். இந்திய டிரமடால் மாத்திரைகள் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் மேற்காசியாவுக்கும் பெருமளவில் கடத்தப்பட்டதை அடுத்து, 2018 ஏப்ரலில் நடுவண் அரசு அதனை 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பரில் கூடிய உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, டிரமடாலைப் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப் பரிந்துரைக்கவில்லை. வேறு வலிநீக்கி கிட்டாத ஏழை நாடுகளின் நோயாளிகள் பாதிக்கப்படுவர் என்பது அதற்கான காரணங்களுள் ஒன்று.

ஒன்றை அடைத்தால் மற்றொன்று வழியாக ஒழுகுவது இத்துறையில் புதிதன்று. டிரமடாலுக்குப் பின் டபென்டடால் முறைகேடாகப் பயன்படுத்தப்படலாயிற்று. தமிழ்நாட்டு நாளேடுகளில் "வலி நிவாரணி மாத்திரை விற்றோர் கைது" என வரும் செய்திகள் பலவும் இதைப் பற்றியவையே. மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்வதால் இளைஞர்கள் உயிரிழந்ததும் உண்டு. எனவே காவல்துறையின் நடவடிக்கையைத் தேவையற்றது எனத் தள்ள இயலாது. 2025 பிப்ரவரியில் டபென்டடாலும் கரிசோபுரோடாலும் சேர்ந்த மாத்திரையின் உற்பத்திக்கும் ஏற்றுமதிக்கும் அளித்திருந்த அனுமதிகளை நடுவண் அரசு விலக்கிக்கொண்டது.

இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரம்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இவ்விரு நகரங்களும் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்துள்ளன. இராஜபாளையம் நூற்பாலைகளுக்குப் பெயர்பெற்றது. அதை அடுத்த சத்திரப்பட்டி, மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெசவுக்கு நாடெங்கும் அறியப்பட்டது. மாவட்ட முதன்மை நீதிமன்றம் திருவில்லிபுத்தூரில் இயங்குகிறது.

இவ்வட்டாரத்தில் வலித் தணிப்பின் தேவைக்குத் தனிக் காரணம் உண்டு. அருகிலுள்ள சிவகாசி, சாத்தூர்ப் பகுதிகளில் பட்டாசு ஆலை வெடி விபத்துகள் அடிக்கடி நிகழ்கின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், பலர் தீக்காயமுற்றனர். தீக்காயத்தின் வலி ஒரு நாளில் முடிவதன்று. கட்டை அவிழ்த்துப் புண்ணைத் துடைத்து மீண்டும் கட்டும் ஒவ்வொரு முறையும் அது திரும்ப வருகிறது. இதற்கு அபினி வகை மருந்துகளே முதன்மையாகப் பயன்படுகின்றன. கட்டுத்துணி நெய்யப்படும் ஊருக்கு அருகிலேயே, கட்டு மாற்றும் வலிக்கான மருந்து பூட்டிய அலமாரியையும் பதிவேட்டையும் சார்ந்து நிற்கிறது.

புற்றுநோயாளிகளின் நிலை வேறு. உயர் சிகிச்சைக்கு அவர்கள் பெரும்பாலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையையோ திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியையோ நாடுவர். திருவில்லிபுத்தூரிலிருந்து மதுரை ஏறத்தாழ 75 கிலோமீட்டர். கதிர்வீச்சுக்கும் வேதிமருந்துக்கும் சில முறை சென்றுவர முடியும். சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாத்திரைக்காக மட்டும் பேருந்து ஏறுவது இயலாத செயல். மார்பின் மாத்திரை சில ரூபாய் விலையுள்ளது. வழிச்செலவும், உடன்வருபவர் இழக்கும் ஒரு நாள் ஆலைக் கூலியும் அதைவிடப் பன்மடங்கு. தெருமுனை மருந்துக்கடையில் இம்மாத்திரை கிடைப்பதில்லை.

விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12 அன்று திறந்து வைக்கப்பட்டது. இதனால் மாவட்டத்துக்குள்ளேயே உயர் மருத்துவ வசதி வளர வாய்ப்பு ஏற்பட்டுள்ளது. தமிழக அரசு 2021 ஆகத்து 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே சென்று அளிக்கும் நோய் ஆதரவு சிகிச்சையும் அடங்கும். படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப்போடுதல், குழாய் மாற்றுதல் முதலிய பணிகள் இதன்வழி நடைபெறுகின்றன. கடும் வலிக்கு மார்பின் தேவைப்படுமிடத்து, அதை எழுதித்தரப் பயிற்சி பெற்ற மருத்துவரும் இருப்பு வைக்க ஏற்புப் பெற்ற மருத்துவமனையும் அருகில் இருந்தால்தான் செவிலியரின் வருகை முழுப்பயன் தரும்.

இவ்விரு நகரங்களின் ஊடே செல்லும் திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலை செங்கோட்டை வழியாக மலையைக் கடந்து கேரளத்துக்குள் நுழைகிறது. 2008 ஆம் ஆண்டிலேயே நோய்த்தணிப்புக்கெனத் தனிக் கொள்கையை அறிவித்த மாநிலம் அது. அங்கு உள்ளாட்சி அமைப்புகளின் செவிலியர்களும் தன்னார்வலர்களும் வீடுவீடாகச் செல்கின்றனர். மலைக்கு இருபுறமும் நடப்பில் உள்ளது ஒரே நடுவண் சட்டந்தான்.

ஐக்கிய அமெரிக்காவுடன் ஒப்பீடு

அங்கு நடந்தது இதற்கு நேர்மாறு. 1996 இல் சந்தைக்கு வந்த ஆக்சிகான்டின் மிகையாக எழுதித்தரப்பட்டது. புளோரிடாவில் பணத்துக்கு மாத்திரை வழங்கும் "வலி மருத்துவமனைகள்" பெருகி, 2011 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒடுக்கப்பட்டன. 2016 இல் நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட வழிகாட்டுதலைப் பல மருத்துவர்களும் காப்பீட்டு நிறுவனங்களும் கட்டாய உச்சவரம்பாகக் கொண்டனர். ஆண்டுக்கணக்கில் மருந்து உட்கொண்டு வந்தோருக்கு அது திடீரென நிறுத்தப்பட்டது. கடும் வலியும் தற்கொலையும் நிகழ்வதாக அந்நாட்டு உணவு மருந்து நிருவாகம் 2019 ஏப்ரலில் எச்சரித்தது. 2022 இல் வழிகாட்டுதல் திருத்தப்பட்டது.

அமெரிக்க நெருக்கடியை எடுத்துக்காட்டி இந்தியாவிலும் கட்டுப்பாட்டை இறுக்க வேண்டும் எனச் சிலர் வாதிடுவர். வெள்ளத்துக்கு இட்ட கரையை வறண்ட கண்மாய்க்கு அளவாகக் கொள்வது போன்றது அது. இந்தியாவில் பிடிபடும் மாத்திரைகள் மொத்த வணிகத்திலிருந்தும் உரிமமற்ற விற்பனையிலிருந்தும் கசிபவை. மருத்துவமனையில் பதிவு செய்து மருந்து பெறும் புற்றுநோயாளி அந்த வழியில் எங்கும் இல்லை.