பழைய நாற்காலியின் புதிய மதிப்பு

கணக்கியலில் தேய்மானம் என்றொரு சொல் உண்டு. வாங்கிய பொருளின் மதிப்பை ஆண்டுதோறும் குறைத்துக்கொண்டே வந்து, இறுதியில் ஏட்டில் ஒரு ரூபாய் என நிறுத்துவது வழக்கம். ஏட்டில் ஒரு ரூபாயாக நிற்கும் பொருள் உண்மையிலும் ஒரு ரூபாய்தான் பெறுமா? கல்பாத்தி அக்கிரகாரத்துச் சாய்வு நாற்காலிகளைக் கொண்டே இக்கேள்வியை நாம் ஆராயலாம்.

பாலக்காடு நகரில், கல்பாத்திப் புழையின் கரையில் அமைந்த இவ்வூர் கேரளத்தின் முதல் பாரம்பரியக் கிராமம் எனப் பெயர் பெற்றது. 'காசியில் பாதி கல்பாத்தி' என்பது இங்குள்ள விசுவநாத சுவாமி கோயிலைச் சுட்டி வழங்கும் மொழி. சுவரோடு சுவர் ஒட்டிய இவ்வீடுகளின் பிள்ளைகள் சென்னை, மும்பை, தில்லி எனப் பணி தேடிச் சென்றவர்கள். ஐப்பசித் தேருக்கு ஊர் திரும்புபவர்கள். பெரியவர்களின் காலத்துக்குப் பின் வீடு பூட்டப்படும்போது, துணி கிழிந்த நாற்காலி பரணுக்கோ பழைய பொருள் வியாபாரியிடமோ போய்ச் சேர்கிறது. கிழிந்தது துணி, விலைபோவதோ தேக்குச் சட்டம்.

இத்தகைய இழப்பைச் சண்டிகர் நகரம் பெரிய அளவில் கண்டது. 1950-களில் அந்நகரின் அலுவலகங்களுக்காகக் கட்டடக் கலைஞர் பியர் ஜென்னரே வடிவமைத்த தேக்கு, பிரம்பு நாற்காலிகள், பிற்காலத்தில் உதவாப் பொருள்களாக ஏலம் விடப்பட்டன. அவையே வெளிநாட்டு ஏலங்களில் பல இலட்சம் ரூபாய்க்கு விலைபோயின. 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றைப் பாதுகாக்க ஆணையிட நேர்ந்தது. நம் வீட்டு நாற்காலிக்கு அவ்விலை கிடைக்காது. ஆயினும் பாடம் ஒன்றே.

சீரமைக்கும் முறை எளிது. முதலில் சட்டத்தின் மூட்டுகள் ஆடுகின்றனவா, மரத்தூள் உதிர்கிறதா என்று பாருங்கள். ஆடும் மூட்டைத் தச்சர் இறுக்கித் தருவார்; உளுத்த மரத்தில் துணி மாட்டுவது ஆபத்து. துணிக்குக் கடைக்குச் செல்ல வேண்டியதில்லை. பெட்டியில் கிடக்கும் பழைய பவானி ஜமக்காளம் இதற்கு மிகவும் ஏற்றது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நைந்த பகுதியை விலக்கி வெட்டுங்கள். பழைய துணியின் நீளத்தையும் அகலத்தையும் அளவாகக் கொள்ளுங்கள். மேலும் கீழும் கோல் நுழையும் மடிப்புகளில்தான் பாரம் முழுதும் விழும்; அங்கே கித்தான் பட்டை ஒன்றை உள்ளே வைத்து, இரட்டைத் தையல் இடச் சொல்லுங்கள். பழைய பட்டுப் புடவை மடிப்புகளில் எளிதில் கிழியும். அது பாரம் தாங்காது. பருத்தித் துணியை உள்வைத்துத் தைத்தால் தலையணை உறைக்கு அழகு சேர்க்கும். வேலை முடிந்ததும் மெல்ல மெல்லப் பாரம் ஏற்றிச் சோதித்த பின்னரே முதியோரை அமரச் செய்யுங்கள்.

இதில் வீட்டுச் சிக்கனத்துக்கு அப்பாலும் ஒரு பயன் உண்டு. தச்சருக்கும் தையற்காரருக்கும் வேலை கிடைக்கிறது. இவ்விரு தொழில்களும் 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பெற்ற பி.எம். விசுவகர்மா திட்டத்தின் 18 தொழில்களுள் அடங்குவன. தகுதியுடையோர் பிணையமின்றி முதற்கட்டமாக 1 இலட்சம் ரூபாய் வரையும், அதனை ஒழுங்காகச் செலுத்திய பின் 2 இலட்சம் ரூபாய் வரையும் 5 விழுக்காடு வட்டியில் கடன் பெறலாம். கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை ஊக்கத்தொகையும் உண்டு. உங்கள் நாற்காலியைச் சீரமைக்கும் தொழிலாளருக்கு இச்செய்தியைச் சொல்லி, அருகிலுள்ள பொதுச் சேவை மையத்தில் பதிவு செய்யத் தூண்டுங்கள்.

ஏட்டின் மதிப்பு கழிந்துகொண்டே போகும்; பயன்பாட்டின் மதிப்போ பேணுவோர் கையில் உள்ளது. அடுத்த தேருக்கு ஊர் செல்வோர் பரணையும் ஒருமுறை பார்த்து வருக.