பள்ளியில் முட்டை, கல்லூரியில் பரோட்டா: மாதம் 1,000 ரூபாயில் ஹாஸ்டல் மாணவர்கள் ஃபிட்டாக இருப்பது எப்படி?

காலை 9 மணிக்கு கிளாஸ் என்றால் 8.30-க்கு எழுந்து, ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும். மதியம் மெஸ்ஸில் சோறு, சாம்பார். சாயங்காலம் பஜ்ஜி. ராத்திரி பரோட்டா, சால்னா. ஹாஸ்டலிலோ ரூம் எடுத்தோ தங்கிப் படிக்கும் பலருக்கு இந்த ‘டைம்டேபிள்’ நன்றாகவே தெரியும். வயிறு நிரம்பும். ஆனால், உடம்புக்கு வேண்டியது கிடைக்கிறதா?

இந்தக் கேள்வியை திண்டுக்கல் மாவட்டம் ரெட்டியார்சத்திரத்தில் நின்று கேட்டால் ஒரு முரண் தெரியும். திண்டுக்கல் - பழனி சாலையில் இருக்கும் இந்த ஊரில்தான் இந்தியா - இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் உருவான காய்கறி மகத்துவ மையம் இருக்கிறது. அதே சாலையில் மேலே போனால், கேரளாவுக்கு லாரி லாரியாகக் காய்கறி அனுப்பும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட். இன்னும் போனால் கொய்யாவுக்குப் பேர் போன ஆயக்குடி. அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் உறுப்புக் கல்லூரியும் ரெட்டியார்சத்திரத்தில்தான் இருக்கிறது. காய்கறியும் பழமும் தினமும் கடந்து போகும் சாலை இது. அவை மாணவரின் தட்டுக்கு வருவது மட்டும் தானாக நடப்பதில்லை.

10-ம் வகுப்போடு நிற்கும் கவனிப்பு

தமிழகத்தில் அரசுப் பள்ளிக் குழந்தையின் தட்டை அரசே கவனிக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கானது. சத்துணவு 10-ம் வகுப்பு வரை உண்டு. அதில் வாரத்துக்கு 5 முட்டை. முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம்.

அதற்குப் பிறகு? 17, 18 வயதில் வீட்டை விட்டு வெளியே வரும்போது, என்ன சாப்பிடுவது என்ற முடிவு முழுக்க மாணவர் கைக்கு வந்துவிடுகிறது. கையில் காசு கம்மி, நேரமும் கம்மி. வயிறு நிறைந்தால் போதும் என்ற பழக்கம் இந்த இடத்தில்தான் ஒட்டிக்கொள்கிறது.

இந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு தேசிய குடும்பநல ஆய்வு (2019-21) ஒரு பதில் தருகிறது. தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு அதிக எடை அல்லது உடல் பருமன். ஆண்களில் 37 சதவீதம். அதே வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது, எடை கூடுகிறது, சத்து கூடவில்லை.

தட்டில் எவ்வளவு இருக்கணும்?

ஐசிஎம்ஆரின் கீழ் ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் புதிய உணவு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது சொல்லும் கணக்கு இது:

• அரிசி, கோதுமை, சிறுதானியம் - 250 கிராம்
• காய்கறி, கீரை - 400 கிராம்
• பழம் - 100 கிராம்
• பருப்பு, முட்டை, மீன், இறைச்சி - 85 கிராம்
• கடலை, எள் போன்ற கொட்டை, விதை வகைகள் - 35 கிராம்
• எண்ணெய் - 27 கிராம்
• பால் அல்லது தயிர் - 300 மில்லி

எல்லாமே சமைப்பதற்கு முந்தைய எடை. இதில் கவனிக்க வேண்டியது, காய்கறியின் அளவு அரிசியைவிட அதிகம். நம் தட்டில் அப்படியே தலைகீழ். ஒரு மலை சோறு, ஓரத்தில் ஒரு ஸ்பூன் பொரியல். மெஸ்ஸில் இன்றே செய்யக்கூடிய மாற்றம் ஒன்று உண்டு. சோறு ஒரு கரண்டி குறைத்து, பொரியலும் கூட்டும் இரண்டு கரண்டி கூட்டிக் கேளுங்கள். இதற்குக் காசு தேவையில்லை.

புரோட்டீனுக்குப் பவுடர் வேண்டுமா?

ஜிம்மில் சேர்ந்த முதல் வாரத்தில் காதில் விழும் வார்த்தை ‘புரோட்டீன் பவுடர்’. ஒரு கிலோ டப்பா 2,000 ரூபாயைத் தாண்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனமோ, உடம்பை ஏற்றுவதற்காகப் புரோட்டீன் சப்ளிமென்ட் எடுப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது.

கணக்கு எளிது. ஆரோக்கியமான ஒருவருக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு தினமும் 0.83 கிராம் புரதம் என்பது ஐசிஎம்ஆர் பரிந்துரை. எடை 60 கிலோ என்றால் சுமார் 50 கிராம். இட்லி, சோறு, சாம்பார், பரோட்டா என்று ஓடும் நாளில் இதில் 10 முதல் 15 கிராம் வரை விடுபட்டுப் போகலாம். அந்த இடைவெளியை நிரப்ப ஒரு முட்டையும் இரண்டு கைப்பிடி கடலையும் போதும்.

1,000 ரூபாயில் என்ன வாங்கலாம்?

அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ம் வகுப்பு வரை படித்து உயர்கல்வியில் சேரும் மாணவிகளுக்கு ‘புதுமைப் பெண்’ (2022), மாணவர்களுக்கு ‘தமிழ்ப் புதல்வன்’ (2024) திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. பஸ், ஜெராக்ஸ், வீட்டுத் தேவை என்று அந்தப் பணத்துக்கு ஏற்கெனவே பல வேலைகள் இருக்கும். ஆனாலும், ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும்.

• அவித்த முட்டை 1 - சுமார் 10 ரூபாய், புரதம் 6 கிராம்
• வறுத்த வேர்க்கடலை 30 கிராம் - சுமார் 5 ரூபாய், புரதம் 7 கிராம்
• பொட்டுக்கடலை 30 கிராம் - சுமார் 4 ரூபாய், புரதம் 6 கிராம்
• கொய்யா அல்லது வாழைப்பழம் 1 - சுமார் 8 ரூபாய்

ஒரு நாளைக்கு 27 ரூபாய். 30 நாளைக்கு 810 ரூபாய். கூடுதலாகக் கிடைப்பது தினமும் 19 கிராம் புரதம், ஒரு பழம். அடுப்பு தேவையில்லை, ஃபிரிட்ஜ் தேவையில்லை. கடலை இரண்டையும் மாதத்துக்கு ஒருமுறை மளிகைக் கடையில் வாங்கி டப்பாவில் போட்டு வைத்தால் ரூமிலேயே இருக்கும்.

முழுத் தொகையும் முடியாதா? முட்டையையும் கடலையையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் பஜ்ஜிக்குக் கொடுக்கும் காசிலேயே அது முடிந்துவிடும்.

மாணவிகள் கவனிக்க வேண்டியது

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குது, கிளாஸில் உட்கார்ந்தாலே தூக்கம் வருது, முடி கொட்டுது. இதையெல்லாம் ‘ஸ்ட்ரெஸ்’ என்று ஒதுக்கிவிடுவது எளிது. காரணம் ரத்தசோகையாகவும் இருக்கலாம். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. ஆண்களுக்கு அந்த எல்லை 13. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பரிசோதிக்கலாம். குறைவாக இருந்தால் மாத்திரையை மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் எடுக்க வேண்டும்.

சாப்பாட்டில் இரண்டு விஷயம் உதவும். ஒன்று, கீரை, பயறு, கடலை ஆகியவற்றில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி வேண்டும். கீரை சாப்பிடும் அன்று கூடவே ஒரு கொய்யா அல்லது எலுமிச்சை. நெல்லிக்காயும் நல்லது. இரண்டு, சாப்பிட்டவுடன் டீ வேண்டாம். டீயில் இருக்கும் டானின் இரும்புச்சத்தைத் தடுக்கும். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

எடையைக் குறைக்கிறேன் என்று காலைச் சாப்பாட்டை அடியோடு விடுவதும் வேண்டாம். 11 மணிக்கு வரும் பசிக்குக் கேன்டீனில் கிடைப்பது பெரும்பாலும் சமோசாவும் பப்ஸும்தான்.

டீ கணக்கும் எக்ஸாம் ராத்திரியும்

ஒரு டீக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம். நாலு டீ குடித்தால் 40 கிராம். சேர்க்கும் சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்தால் கூடுதல் நன்மை என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீயை விட வேண்டியதில்லை. ‘அண்ணா, சர்க்கரை கம்மியா’ என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. அதோடு ஒரு பாட்டில் கோலா சேர்ந்தால் கணக்கு கைமீறிவிடும்.

பரோட்டா? வாரத்துக்கு ஒரு நாள் பரவாயில்லை. தினமும் என்றால் மைதாவும் எண்ணெயும்தான் சாப்பாடு. அன்றைக்கும் இரண்டு பரோட்டாவுக்குப் பதில் ஒரு பரோட்டா, ஒரு ஆஃப்பாயில் அல்லது ஆம்லெட் என்று மாற்றலாம்.

எக்ஸாம் சமயத்தில் எனர்ஜி டிரிங்க் குடித்து விடிய விடிய படிப்பவர்கள் உண்டு. பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவ உலகின் பொதுவான பரிந்துரை. படித்தது மனதில் பதிவதே தூக்கத்தில்தான். தூக்கம் கெட்டால் மறுநாள் பசியும் கூடும்.

ஜிம் இல்லாமல் ஃபிட்

தை மாதத்தில் திண்டுக்கல் - பழனி சாலை முழுக்கப் பாதயாத்திரை பக்தர்கள் நடந்து போவதைப் பார்க்கலாம். வயதானவர்களும் பல நாள் நடக்கிறார்கள். நம் உடம்பு நடப்பதற்கென்றே அமைந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ஆனால், ஆண்டுக்கு ஒருமுறை நடந்தால் போதாது.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. அதோடு இரண்டு நாள் தசைப் பயிற்சி. தினமும் அரை மணி நேரம், வாரத்துக்கு 5 நாள் வேகமாக நடந்தாலே 150 நிமிடம் வந்துவிடும்.

• காலை 7 மணிக்குள் அல்லது வெயில் தாழ்ந்த பிறகு கல்லூரி மைதானத்தில் நடக்கலாம். லாரி ஓடும் நெடுஞ்சாலை ஓரம் வேண்டாம்.
• கபடி, வாலிபால், ஷட்டில் எதுவானாலும் சரி. நண்பர்களோடு ஆடினால் நடுவில் விட மனசு வராது.
• தசைப் பயிற்சிக்கு ரூம் தரையே போதும். தண்டால், தோப்புக்கரணம், பிளாங்க் ஆகியவற்றை வாரத்துக்கு இரண்டு நாள், தலா 20 நிமிடம் செய்யலாம்.
• லிஃப்டுக்குப் பதில் படி.

கூட்டமாக நடக்க விரும்புபவர்களுக்கு, 2023 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கி.மீ. நடைபாதை ஒதுக்கப்பட்டது.

மெஸ் கமிட்டியில் கேளுங்கள்

தனி ஆளாக முட்டை வாங்கிச் சாப்பிடுவதற்கு ஒரு எல்லை உண்டு. 200 பேர் சாப்பிடும் மெஸ் மாறினால் 200 பேருக்கும் பலன். மெஸ் கமிட்டி கூட்டத்தில் ‘சாப்பாடு சரியில்லை’ என்று மட்டும் சொன்னால் அடுத்த நாளும் அதே சாம்பார்தான். குறிப்பாகக் கேளுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் முருங்கைக்கீரையோ வேறு கீரையோ, மூன்று நாள் சுண்டல், ஒரு வேளை அரிசிக்குப் பதில் கேழ்வரகு அல்லது கம்பு, பொரியல் இரண்டு கரண்டி. இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மெஸ்ஸுக்கு ‘காய்கறி கிடைக்கவில்லை’ என்று காரணம் சொல்வதும் கஷ்டம்.