வென்டிலேட்டரில் இருப்பவருக்காக நீங்கள் கேட்க வேண்டியவை

"வென்டிலேட்டர் வெச்சிருக்கோம்" என்று டூட்டி டாக்டர் சொன்னதும், "இனி எல்லாம் மெஷின் பாத்துக்கும்" என்று குடும்பம் ஐ.சி.யு. வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறது. வென்டிலேட்டர் நோயைக் குணப்படுத்துவதில்லை. உடல் தேறும்வரை மூச்சைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்த நாட்களில் நுரையீரலுக்குப் புதிய கேடுகளும் வரலாம்.

அவற்றில் முக்கியமானது, டியூப் போட்டு 48 மணி நேரத்துக்குப் பிறகு வரும் நிமோனியா. மூச்சுக்குழாய்க்குள் இறங்கும் டியூபின் நுனியருகே ஒரு சிறு பலூன் ஊதப்பட்டிருக்கும். எச்சிலும் சளியும் அதன் மேல் தேங்கி, ஓரமாகக் கசிந்து, கிருமிகளோடு நுரையீரலுக்குள் போகும். மயக்கத்தில் இருப்பவரால் இருமித் துப்ப முடியாது. இதைத் தடுக்க உதவுபவை எளிய வேலைகள்தான். தடை இல்லாதவர்களுக்குக் கட்டிலின் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். வாயைத் தவறாமல் சுத்தம் செய்ய வேண்டும். நோயாளியைத் தொடுகிற ஒவ்வொருவரும் கை கழுவ வேண்டும், பார்க்கப் போகும் நீங்களும்தான். தினமும் மயக்க மருந்தைக் குறைத்து, தானாக மூச்சு விடுகிறாரா என்று சோதிப்பது எல்லாவற்றிலும் முக்கியம். டியூப் எவ்வளவு சீக்கிரம் வெளியே வருகிறதோ அவ்வளவு நல்லது.

காற்றை அளவுக்கு மீறிச் செலுத்தினாலும் ஆபத்து. காற்றுப்பைகள் கிழிந்து, கசியும் காற்று மார்புக்குள் தேங்கி நுரையீரலை அமுக்கும். கடுமையான நுரையீரல் பாதிப்பு உள்ளவர்களிடம் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 2000-இல் வெளியானது. ஒரு மூச்சுக்குக் கிலோவுக்கு 12 மில்லி கொடுத்தபோது சுமார் 40 சதவீதம் பேர் இறந்தார்கள்; 6 மில்லியாகக் குறைத்தபோது 31 சதவீதம். இந்தக் கிலோ தராசு காட்டும் எடை அல்ல, உயரத்தை வைத்துக் கணக்கிடுவது. ஆகவே "உயரம் அளந்தீங்களா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

கேட்பது உங்கள் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம் நோயின் நிலையை அறியவும், இன்னொரு மருத்துவரின் கருத்தைப் பெறவும், கேஸ் ஷீட் நகலை வாங்கவும் இடம் தருகிறது. பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி.

எல்லாம் சரியாகச் செய்தும் நிமோனியா வரலாம். அதை உடனே அலட்சியம் என்று சொல்வது நியாயமில்லை. செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று தெரிந்தால் முதலில் மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுங்கள். பிறகு தனியார் மருத்துவமனை என்றால் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர், மருத்துவரின் நடத்தை பற்றி என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். கட்டணம் கட்டிய சிகிச்சைக்கு இழப்பீடு கேட்க, பொதுவாக 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். எங்கே போனாலும் முதலில் கேட்பது கேஸ் ஷீட்டைத்தான். டிஸ்சார்ஜ் ஆகும்போதே எழுதிக் கொடுத்து அதை வாங்கிவிடுங்கள்.