எட்டுக்கு எட்டு இறக்கை

எட்டுக்கு எட்டு அறையின் தரை 64 சதுர அடி. அதைவிட இரண்டே சதுர அடி கூடுதலான இறக்கையோடு மணிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறார்கள், அமெரிக்காவின் ‘ஃபார்முலா ஒன்’ விமானப் பந்தயக்காரர்கள். கார் பந்தயத்துக்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று.

1947இல் கிளீவ்லாந்தில், குட்இயர் நிறுவனம் அறிவித்த பரிசுக்காகத் தொடங்கிய வகை இது. காசுள்ளவர் பெரிய இன்ஜினை வாங்கி ஜெயித்துவிட முடியாது. இப்போது எல்லோருக்கும் ஒரே இன்ஜின்: 3.3 லிட்டர், 100 குதிரைத்திறன் கொண்ட கான்டினென்டல் ஓ-200. இறக்கை 66 சதுர அடிக்கும், வெற்று எடை 227 கிலோவுக்கும் குறையக் கூடாது. அந்த எடை ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளைவிடக் கொஞ்சம்தான் அதிகம். சக்கரங்களை உள்ளே மடக்கக் கூடாது. மற்றபடி வீட்டுக் கொட்டகையிலேயே விமானத்தைக் கட்டிக்கொள்ளலாம்.

பயிற்சி விமானமான செஸ்னா 150இல் இருப்பதும் இதே இன்ஜின்தான். அது மணிக்கு 200 கிலோமீட்டரை ஒட்டியே நின்றுவிடும். வேகத்தை இரட்டிக்க எட்டு மடங்கு திறன் வேண்டும். நிமிடத்துக்கு 2,750 சுற்றுக்கான இன்ஜினை 4,000 சுற்றுவரை விரட்டினாலும் கொஞ்சம்தான் கூடும். மீதியைக் காற்றிடமிருந்துதான் மீட்க வேண்டும். விமானி ஏறக்குறைய படுத்தபடி ஓட்டுகிறார், விமானத்தின் உடல் அவ்வளவு ஒல்லி. இடுக்குகளை டேப் ஒட்டி மூடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது, இறக்கையின் முன்விளிம்பைத் துணியால் துடைக்கும் வேலை. காற்று அங்கே படலம் படலமாக வழுக்கிப் போக வேண்டும். ஒரு பூச்சி நசுங்கி ஒட்டியிருந்தால் போதும், அதன் பின்னால் விசிறிபோல் விரிந்து கலங்கிவிடும். அந்தக் கலக்கம்தான் வேகத்தைத் தின்கிறது.

ஓடுபாதையில் எட்டு விமானங்கள் நிற்கும். கொடி அசைந்ததும் சீறாது, தயங்கித் தயங்கி நகரும். உந்துவிசிறியின் அலகுக் கோணத்தைப் பறக்கும்போது மாற்ற முடியாது. உச்ச வேகத்துக்கென்றே செதுக்கியிருப்பதால், நான்காவது கியரில் காரைக் கிளப்புவதுபோல் திணறும். எழும்பிய பிறகு, கம்பங்களைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வட்டம், எட்டுச் சுற்று. ஆறேழு நிமிடத்தில் முடிந்துவிடும்.

நெவாடா மாநிலத்தின் ரீனோவில் 2023வரை இப்படிப் பறந்தார்கள். அங்கே 1991 முதல் 1999வரை ஒன்பது ஆண்டும் தொடர்ந்து ஜெயித்தது ஜான் ஷார்ப் வடிவமைத்து ஓட்டிய ‘நெமிசிஸ்’. கலந்துகொண்ட போட்டிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் வெற்றி. இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதே ஓ-200 இன்ஜினோடு.