எண்ணை அல்ல, வழியைக் கற்போம்

போன வருடத்தைவிட விற்பனை பத்து சதவீதம் கூடியிருந்தால் எந்த முதலாளிக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அதே வருடம், அதே தொழிலில் உள்ள மற்றவர்கள் முப்பது சதவீதம் வளர்ந்திருந்தால்? நம் பழைய கணக்கை மட்டும் புரட்டிக்கொண்டிருந்தால் இந்தப் பின்தங்கல் கண்ணில் படாது. நம்மைவிட நன்றாகச் செய்பவர்களோடு நம் வேலையை அளந்து பார்த்து, அவர்கள் செய்யும் முறையைக் கற்று, நம்முடையதைத் திருத்திக்கொள்வதே பெஞ்ச்மார்க்கிங்.

இதை ஒரு முறையாக வளர்த்த நிறுவனம் அமெரிக்காவின் ஜெராக்ஸ். நகல் இயந்திரச் சந்தையில் நெடுங்காலம் தனிக்காட்டு ராஜாவாக இருந்த அந்த நிறுவனத்தை 1970களில் ஜப்பானிய நிறுவனங்கள் நெருக்கின. 1979இல் ஜெராக்ஸ் போட்டி இயந்திரங்களைப் பிரித்துப் போட்டு, பாகம் பாகமாகச் செலவைக் கணக்கிட்டது. தான் ஓர் இயந்திரத்தைத் தயாரிக்க ஆகும் செலவுக்கே ஜப்பானியர்கள் தங்கள் இயந்திரத்தை விற்றுக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அடுத்து கிடங்கு. ஆர்டர் வந்ததும் அலமாரிகளிலிருந்து பொருளை எடுத்துச் சேர்க்கும் வேலை மெதுவாக நடந்தது. இதில் கெட்டிக்காரர் யார் என்று தேடியபோது ஜெராக்ஸின் ராபர்ட் கேம்ப் குழுவுக்குக் கிடைத்தது, மெய்ன் மாநிலத்தில் தபால் வழியாகக் காலணியும் உடையும் விற்ற எல்.எல்.பீன் நிறுவனம். தொழில் வேறு, ஆனால் பல அளவு, பல வடிவப் பொருட்களைக் கையால் எடுத்து அனுப்பும் வேலை ஒன்றே. அங்கே ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாக வேலை நடந்தது.

அங்கிருந்த தொழிலாளர்கள் மூன்று மடங்கு வேகமாக ஓடவில்லை. அடிக்கடி விற்கும் சரக்கு கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. நடை குறையும்படி ஆர்டர்களைக் கணினி வரிசைப்படுத்தியது. ஜெராக்ஸ் அந்த வழியைப் படித்துத் தன் கிடங்குகளைத் திருத்தியது. 1989இல் அதன் ஒரு பிரிவு அமெரிக்காவின் மால்கம் பால்ட்ரிஜ் தர விருதைப் பெற்றது.

லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையும் இப்படியே வெளியே தேடியது. இதய அறுவை முடிந்த குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒப்படைக்கும் சில நிமிடங்கள் ஆபத்தானவை. ஃபார்முலா 1 கார்ப் பந்தயத்தில் சக்கரம் மாற்றும் குழுக்களிடமிருந்து, யார் எங்கே நிற்பது, யார் தலைமை ஏற்பது, எது முதலில் என்ற ஒழுங்கை மருத்துவர்கள் கற்றார்கள். 2007இல் வெளியான ஆய்வின்படி, ஓர் ஒப்படைப்பில் நேர்ந்த தொழில்நுட்பப் பிழைகள் சராசரியாக 5.42இலிருந்து 3.15 ஆகக் குறைந்தன.

சிறு தொழிலுக்கும் இது பொருந்தும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுக்காமல், வாடிக்கையாளர் அதிகம் குறை சொல்லும் ஒரு வேலையை மட்டும் தேர்ந்தெடுங்கள். முதலில் உங்கள் அளவைச் சரியாக எடுங்கள். ‘டெலிவரிக்கு இரண்டு நாள்’ என்றால் பொருள் கடையை விட்டுக் கிளம்பும் வரையா, வாடிக்கையாளர் கைக்குப் போகும் வரையா? நீங்களும் நீங்கள் ஒப்பிடுபவரும் ஒரே மாதிரி அளக்காவிட்டால் ஒப்பீடே பொய்.

பிறகு, அந்த வேலையை நன்றாகச் செய்பவரைத் தேடுங்கள். அது உங்கள் இன்னொரு கிளையாகக்கூட இருக்கலாம். முற்றிலும் வேறு தொழிலாகவும் இருக்கலாம். வேறு தொழில்காரர் உங்களுக்குப் போட்டியில்லை என்பதால் மனம் திறந்து சொல்வார். அனுமதி கேட்டுப் போங்கள். நீங்கள் கேட்பதை உங்களிடம் கேட்டால் சொல்லவும் தயாராக இருங்கள். ஆனால் போட்டியாளர்கள் கூடி விலையை முடிவு செய்வதை இந்தியாவின் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் தடுக்கிறது. அந்தப் பேச்சே வேண்டாம்.

பார்த்துவிட்டு வந்ததை அப்படியே நகலெடுக்காமல், உங்கள் இடத்துக்கும் ஆட்களுக்கும் ஏற்ப மாற்றிச் சில வாரம் நடத்திப் பார்த்து, மறுபடி அளந்து பாருங்கள்.

பல இடங்களில் இந்த முறை தோற்பதற்குக் காரணம், வெளியிலிருந்து எண்ணை மட்டும் கொண்டுவந்து தொழிலாளர்களுக்கு இலக்காக வைப்பது. ‘அங்கே நூறு முடிக்கிறார்கள், நீ ஏன் அறுபது?’ என்று கேட்டால் அவசரமும் பொய்க் கணக்கும்தான் வளரும். வேலை பார்ப்பவரையே உடன் அழைத்துப் போய்க் காட்டுங்கள். எங்கே நேரம் வீணாகிறது என்று முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் அவராகவே இருப்பார்.