எப்போது வரும் என்று தெரியாத தபால்

16 வயது நிரம்பாத சிறுவர் சிறுமியர் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கலாகாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் ஆஸ்திரேலியாவில் அமலுக்கு வந்திருப்பதையும், அதை மீறும் நிறுவனங்களுக்கு அந்நாட்டு நாணயத்தில் 4 கோடியே 95 லட்சம் டாலர் வரை அபராதம் விதிக்கப்படலாம் என்பதையும் பத்திரிகைகளில் படித்த பெற்றோர் பலர், ஸ்மார்ட்போன் நம் பிள்ளைகளின் மனத்தைக் கெடுக்கிறதா என்று கவலையோடு விசாரிக்கிறார்கள். கவலை நியாயமானதே. ஆயினும், மணி ஒலிக்காத வேளையிலும் கை ஏன் தானாகவே கைப்பேசியை நாடிப் போகிறது என்ற சிறிய கேள்விக்கு விடை காணாமல், அந்தப் பெரிய கேள்விக்குள் புகுவதில் பிரயோஜனம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இதன் பூர்வ சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூளையில் செய்தி கடத்தும் ரசாயனங்களுள் டோபமைனும் ஒன்று என்பதை ஸ்வீடன் விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன் 1950களின் பிற்பகுதியில் நிலைநாட்டி, அதற்காக 2000இல் நோபல் பரிசு பெற்றார். எத்தனை முறை கொத்தினால் தானியம் விழும் என்று தெரியாத புறாவே ஓயாமல் கொத்திக்கொண்டிருக்கும் என்பதை அமெரிக்க உளவியலாளர்களான ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இல் ஒரு நூலில் விவரித்தார்கள். இவ்வளவு போதும், விஷயத்தின் உயிர்நாடி அதற்குப் பின் நடந்த பரிசோதனைகளில் இருக்கிறது.

சுவிட்சர்லாந்திலுள்ள ஃப்ரிபோர்க் பல்கலைக்கழகத்தில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்பவர், குரங்கின் நடுமூளையில் மெல்லிய மின்முனையைச் செருகி, டோபமைன் நரம்பணுக்களின் துடிப்பைக் கவனித்து வந்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு வாயில் விழுந்தபோது அவ்வணுக்கள் படபடவென்று துடித்தன. சாற்றுக்கு முன்னால் ஒரு சைகை வரும் என்பதைக் குரங்கு கற்றுக்கொண்டதும், அத்துடிப்பு சாற்றை விட்டுச் சைகைக்கு இடம் பெயர்ந்தது. சாறு வந்தபோது அணுக்கள் சும்மா இருந்தன. சைகை வந்தும் சாறு வராமற்போனாலோ, அது வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே தாழ்ந்தது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தையே அந்த அணுக்கள் கணக்கிடுகின்றன என்ற முடிவு 1997இல் வெளியான கட்டுரையில் தெளிவுபட்டது.

தூரதேசத்திலுள்ள மகன் அனுப்பும் மணியார்டருக்காகக் காத்திருக்கும் ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை பணம் கைக்கு வந்தபோது உண்டான பரவசம், சில மாதங்களில் தெருமுனையில் கேட்கும் தபால்காரரின் சைக்கிள் மணிக்கு மாறிவிடுகிறது. மணி ஒலித்தும் சைக்கிள் நிற்காமல் போய்விட்டால் அவள் மனம் சோர்ந்துபோகிறது. இனி, பணம் வருவதும் வராததும் சரிபாதி என்றால் என்ன ஆகும்? 2003இல் ஷுல்ட்ஸின் குழு இதையே ஆராய்ந்தது. சாறு நிச்சயம் வரும், நிச்சயம் வராது என்ற இரு நிலைகளிலும் இல்லாத ஒன்று, வரலாம் வராமலும் போகலாம் என்ற நிலையில் தென்பட்டது. சைகைக்கும் சாற்றுக்கும் இடைப்பட்ட வெறும் காத்திருப்பிலேயே அணுக்களின் துடிப்பு படிப்படியாக ஏறியது. சாத்தியம் 50 சதவீதமாக இருந்தபோது அந்த ஏற்றம் உச்சத்தை அடைந்தது. அதன் பொருளைப் பற்றி விஞ்ஞானிகளிடையே விவாதம் உண்டு. ஆனால், நிச்சயமின்மை மூளையைச் சும்மா இருக்க விடுவதில்லை என்பதில் ஐயமில்லை.

இப்போது அந்தத் தபால்காரருக்கு நேரமே கிடையாது என்று வைத்துக்கொள்வோம். விடியலிலும் நள்ளிரவிலும், சோறு வடிக்கும்போதும் குழந்தைக்குப் பாடம் சொல்லும்போதும் வருகிறார். பையில் பெரும்பாலும் கடை நோட்டீஸ்கள், எப்போதாவது ஒரு சிநேகிதியின் கடிதம், அபூர்வமாக மணியார்டர். சில சமயம் மணியடிக்காமலே பையை வாசலில் வைத்துவிட்டுப் போகிறார். இரவில் தலையணையருகிலும் வந்து நிற்கிறார். கதவைத் திறந்து பார்க்கச் செலவு ஏதும் இல்லையாகையால், அந்தத் தாய் நாள் முழுவதும் அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பாள். சோறு குழைவதற்கு அவளுடைய குணத்தைக் குறை சொல்வது தர்மமாகாது. கட்டைவிரலால் திரையைக் கீழே இழுத்து, அந்தச் சிறு வட்டம் சுழன்று நிற்கும் வரை மூச்சடக்கிப் பார்க்கும் ஒவ்வொருவரும் திறப்பது அந்தக் கதவைத்தான்.

இந்த அழகிய கண்டுபிடிப்பை வைத்து நடக்கும் வியாபாரம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. டோபமைனை நஞ்சுபோலச் சித்திரித்து, அதற்கு உபவாசம் இருக்கச் சொல்கிறார்கள். அதைச் சுரக்கும் அணுக்கள் அழிவதால் உடல் இயக்கமே தடுமாறும் வியாதிதான் பார்க்கின்சன் என்பதை அவர்கள் சொல்வதில்லை. மனிதனின் கவனம் தங்கமீனின் கவனத்துக்கும் குறைந்துவிட்டது என்ற பேச்சுக்கும் ஆராய்ச்சி ஆதாரம் கிடையாது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இளைஞர்களின் தகவல்களை 2019இல் அலசிய ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள், அவர்களது மனநலத்தில் காணும் வேறுபாடுகளில் அதிகபட்சம் 0.4 சதவீதமே மின்சாதனப் பழக்கத்தோடு தொடர்புடையது என்று கண்டனர். 2018இல் ஓர் ஆய்வுக்காக நான்கு வாரம் ஃபேஸ்புக்கை நிறுத்திய அமெரிக்கர்கள் குடும்பத்தாருடனும் நண்பர்களுடனும் சற்று அதிகம் பழகினார்கள். மனநிலையும் தேறியது, ஆனால் சிறிதளவே. சராசரிக்குள் வாடும் குழந்தை ஒன்று மறைந்திருக்கக் கூடும் என்பதை மறக்கலாகாது. அதற்காகச் சராசரியைப் பேரழிவாக வர்ணிப்பதும் முறையன்று.

கவனத்தின் விஷயம் வேறு. ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2015இல் வெளியான பரிசோதனையில், அறிவிப்பு வந்த கைப்பேசியைத் தொடாமலே வேலை செய்தவர்களும் அதிகத் தவறுகள் செய்தார்கள். 2019இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், 237 பேரைப் பல குழுக்களாகப் பிரித்து இரண்டு வாரம் கவனித்தனர்: அறிவிப்புகளை நாளுக்கு மூன்று முறை தொகுத்துப் பெற்றவர்கள் கவனமும் நல்ல மனநிலையும் கூடியதாகச் சொன்னார்கள், அறவே நிறுத்திக்கொண்டவர்களுக்கோ பதற்றம் கூடியது. ஓர் ஆய்வை வேதவாக்காகக் கொள்ளக் கூடாதுதான். எனினும், தபால் நின்றுபோனாலும் எதிர்பார்ப்பு நிற்பதில்லை, அதற்கு நேரம் குறித்தால்தான் அடங்குகிறது என்று இம்முடிவு காட்டுவதாகவே எனக்குப் படுகிறது.

ஆகவே, வயதுக்கு வரம்பு கட்டும் அரசாங்கங்கள் வேளைக்கும் வரம்பு கட்ட முன்வர வேண்டும். வீட்டாரின் அழைப்பும் அவசரச் செய்தியும் உடனே வரட்டும். மற்றவையெல்லாம் மூன்று வேளை தொகுத்து வருவதே புதிய கைப்பேசியின் இயல்பான அமைப்பாக இருக்கட்டும். இடைவிடாது வேண்டுவோர் தாமே அதை மாற்றிக்கொள்ளட்டும். இன்று அந்தச் சிரமத்தை நிம்மதி வேண்டுவோர் மீது சுமத்தியிருக்கிறோம். பத்து வயதுக் குழந்தையிடமும் அதையே எதிர்பார்க்கிறோம்.