கல்லறை வாசகம்: சொல் வந்த வழி

கல்லறையில் பொறிக்கும் வரிகளை ஆங்கிலத்தில் 'எபிடாஃப்' என்பார்கள். கிரேக்கத்தில் பிறந்த சொல் இது. 'எபி' என்றால் மேல். 'டாஃபோஸ்' என்றால் புதைகுழி. தொடக்கத்தில் ஏதென்ஸில் இந்தப் பெயர் ஓர் உரைக்கு உரியதாக இருந்தது. போரில் மாண்டவர்களை நகரமே கூடி அடக்கம் செய்யும்போது, ஒரு தலைவர் எழுந்து ஆற்றும் இரங்கலுரை அது. கி.மு. 431இல் மூண்ட பெலொப்பொனேசியப் போரின் முதலாண்டில் இறந்தவர்களுக்காகப் பெரிக்ளீஸ் ஆற்றிய உரை அத்தகைய உரைகளில் புகழ்பெற்றது. பிறகு லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்த சொல், கல்லில் பொறித்த எழுத்துக்கு உரியதாகிவிட்டது.

தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் நிலைக்கவில்லை. 'கல்லறை வாசகம்' என்கிறோம், யாருக்கும் புரியும். நம் மரபோ கல்லுக்குத்தான் பெயர் வைத்தது. 'நடுகல்' என்றால் அதில் வெட்டிய பெயரும் செயலும் சேர்ந்தே பொருள்படும். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களில் ஒன்று, கூடலூர் ஆநிரைப் பூசலில் இறந்த பேடு தீயன் அந்தவனின் 'கல்' என்று தமிழ் பிராமி எழுத்தில் சொல்கிறது. ஊர், நிகழ்ச்சி, ஆளின் பெயர், கல். இத்தனை குறைவான சொற்களில் ஒரு மனிதனை நிற்கவைத்த வாசகம் வேறொன்றை நான் படித்ததில்லை.

சிங்கப்பூரில் இத்தகைய கல்லறைச் சொற்களைத் தேடுவோர் லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகலாம். விக்டோரியா ஸ்திரீட்டில் நீலநிற மலபார் பள்ளிவாசலை ஒட்டி ஜாலான் குபோர் பழைய முஸ்லிம் அடக்கத்தலம் இருக்கிறது. ஜாலான் குபோர் என்ற தெருப் பெயரிலேயே விஷயம் உண்டு. மலாயில் குபோர் என்றால் கல்லறை. தமிழ் முஸ்லிம்கள் சொல்லும் கபுர், கபுருஸ்தான் ஆகியவற்றுக்கும் அதே அரபு வேர்தான்.

அங்கே மரத்தடிப் புல்லில் கற்கள் சாய்ந்தும் புதைந்தும் கிடக்கின்றன. மலாய் வழக்கில் உருண்டைத் தூண்போல் இருந்தால் ஆண், பட்டையான பலகைபோல் இருந்தால் பெண். எழுத்து மழுங்கிப் போனாலும் அந்த ஒரு செய்தி கல்லின் வடிவில் தங்கிவிடுகிறது. சில கற்களில் மஞ்சள் துணி சுற்றியிருக்கும். அது மலாய் அரச குடும்பத்தின் நிறம். மலாய்க்காரர்கள் இந்தக் கல்லை 'பத்து நிசான்' என்கிறார்கள். பத்து என்றால் கல். நிசான், அடையாளம் என்னும் பொருளுள்ள பாரசீகச் சொல். தமிழ் முஸ்லிம்கள் 'மீசான் கல்' என்பார்கள், மலையாளிகளும் அப்படித்தான். அரபியில் 'மீஸான்' என்றால் தராசு. மறுமையில் நன்மை தீமையை நிறுக்கும் தராசுக்கும் குர்ஆனில் அதே பெயர். தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றுமாக நிற்கும் இரு கற்களைப் பார்க்கும்போது அந்தத் தராசு நினைவுக்கு வராமல் இருக்காது.

உடலைத் தகனம் செய்யும் இந்துக் குடும்பங்களுக்குக் கல் ஏது என்று கேட்கலாம். யாழ்ப்பாணத்தார் அதற்கு வழி கண்டிருக்கிறார்கள். 31ஆம் நாள் நடக்கும் அந்தியேட்டிச் சடங்குக்கு வருவோருக்கு ஒரு சிறு நூலை அச்சிட்டுக் கொடுப்பார்கள். அதன் பெயர் கல்வெட்டு! இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, வமிசாவளி, தேவாரம் எல்லாம் அதில் இருக்கும். இறந்த ஆண்டு, மாதம், திதியை வெண்பாவாகக் கட்டிய 'திதி வெண்பா'வும் உண்டு. கல்லில்லாத கல்வெட்டு என்றாலும், கல்லறை வாசகம் செய்யும் வேலை முழுவதையும் அது செய்கிறது.

சிங்கப்பூரில் கல்லுக்கே ஆயுள் குறைவு. 1972இல் மூடிய பிடாடரி இடுகாடு 2000களில் தோண்டப்பட்டது. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள். இப்போது புதிதாக அடக்கம் நடப்பது சுவா சூ காங்கில் மட்டும். 1998 நவம்பரிலிருந்து அங்கே ஒரு கல்லறைக்கு 15 ஆண்டுதான் தவணை. அதன்பின் தோண்டி எடுத்து, சமயம் அனுமதித்தால் தகனம் செய்வார்கள். முஸ்லிம்களின் எச்சங்களைச் சிறிய இடத்தில் மறுபடி அடக்குவார்கள்.

எனவே உங்கள் குடும்பத்தாரின் கல்லறை எங்காவது இருந்தால், தவணை முடியும்வரை காத்திருக்காமல் இப்போதே போய் எழுதிக்கொண்டு வாருங்கள். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் எடுத்த படத்தில் தேய்ந்த எழுத்தும் தெரியும். பெயரின் எழுத்துகளைத் திருத்தாமல், கல்லில் உள்ளபடியே குறியுங்கள். தந்தை பெயர், ஊர்ப் பெயர் எதையும் விடாதீர்கள். தமிழகத்தில் எந்த ஊர் என்று பேரப்பிள்ளைகள் தேடும்போது அந்த ஒரு சொல் போதும். ஹிஜ்ரி ஆண்டு மட்டும் இருந்தால் அதையும் அப்படியே எழுதிவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஹிஜ்ரி 1340 என்றால் கி.பி. 1921-22. ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு என்பதால் வெறுமனே ஓர் எண்ணைக் கூட்டினால் சரிவராது. மாதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.